கொதித்த கேமராவில் உன் ஒரே படம்

மொட்டை மாடி வெயிலில் உன் பழைய கேமராவை வீடியோ ஓடவிட்டு வைத்திருக்கிறேன். பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்த அக்கா, "இன்னாங்க இது, கேமராவ காய வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். "ஆமாங்க, ஈரமாயிடுச்சு" என்று சொல்லிவைத்தேன். வேறென்ன சொல்ல? கையில் எடுத்தால் பிடி கொதிக்கிறது. சூடான ரப்பர் வாசனை வருகிறது. முகூர்த்த நாட்களில் மதியத்துக்கு மேல் உன் கையிலும் இதே வாசனைதான் இருக்கும்.

உனக்காகத்தான்டி இந்தக் கூத்து. உன் வருஷத் திதி வருகிறது. உன் படத்தைப் பெரிதாகப் போட்டு மாட்ட வேண்டும் என்கிறார் உன் அம்மா. இந்த ஊரில் எத்தனையோ கல்யாண ஆல்பம் நாம் இருவரும் எடுத்தது. நம்மை யார் எடுத்தார்கள்? தேடினால் உன் ஆதார் அட்டைப் படம் கிடைக்கிறது. அதை மாட்டினால் நீயே எழுந்து வந்து என்னை அடிப்பாய். மற்றபடி உருப்படியாக இருப்பது ஒன்றே ஒன்று.

கீழ்பென்னாத்தூர் மண்டபத்து ரிசப்ஷனில் எடுத்தது. காலையிலிருந்து இதே கேமராவில் வீடியோ ஓடிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. ஒரு எமர்ஜென்சி விளக்கு மட்டும் எரிய, நீ கல்யாணப் பெண்ணின் நாற்காலியில் போய் ஜம்மென்று உட்கார்ந்து, "என்னையும் ஒண்ணு எடுடி" என்றாய். அந்த வெளிச்சத்துக்கு ஷட்டரை நெடுநேரம் திறந்துவைத்தால்தான் முகம் தெரியும். "அசையாத. சிரிச்சின்னா படம் ஆடிடும்" என்று மிரட்டினேன். எடுத்துப் பார்த்தால் முகமெல்லாம் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள். "கேமராவுக்குக் காய்ச்சல்டி, பாவம். கொஞ்சம் ஆஃப் பண்ணி வை" என்றாய். கேமராவுக்கு அவ்வளவு இரக்கப்பட்டவள், உனக்குக் காய்ச்சல் வந்தபோது மாத்திரையைப் போட்டுக்கொண்டு கல்யாணம் எடுக்கக் கிளம்பினாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அந்தப் புள்ளிகளால் நமக்கு வந்த வம்பு ஒன்றா! தீபத்தன்று அந்தி நேரத்தில் மலையை எடுத்த படத்திலும் இப்படித்தான் விழுந்திருந்தன. அடி அண்ணாமலையில் கடை வைத்திருக்கும் அக்கா, மகளின் கல்யாண ஆல்பம் வாங்க வந்தவர், அதைக் கம்ப்யூட்டரில் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சித்தருங்க வெளக்கு புடிச்சிக்கினு போறாங்கம்மா! எனக்கு ஒண்ணு பிரேம் போட்டுக் குடுங்க."

நான் சரியென்று தலையாட்டினேன். நீ விடுவாயா? "சித்தர் இல்லக்கா, சூடு. கேமரா சூடாயிட்டா இல்லாத வெளிச்சத்த இருக்குதுன்னு சொல்லும்" என்றாய். அதோடு விடவில்லை. கேமராவை வேண்டுமென்றே சூடாக்கி, லென்ஸுக்கு மூடி போட்டு ஒரு படம் எடுத்துக் காட்டினாய். கன்னங்கரேலென்ற படத்தில் அதே இடங்களில் அதே புள்ளிகள்.

அக்கா அசரவே இல்லை. "மூடி போட்டும் தெரியறாங்கன்னா, எப்பேர்ப்பட்ட சித்தருங்களா இருக்கணும்!"

நீ நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். பிரேம் போட்டும் கொடுத்தாய். "நாம சொல்லியாச்சு. அப்புறம் அவங்க கண்ணு, அவங்க சாமி" என்றாய்.

போன வாரம் உன் படத்தைப் புள்ளி நீக்கும் மென்பொருளில் போட்டேன். நொடியில் சுத்தமாகிவிட்டது. கடை பொம்மை மாதிரி பளபளவென்று இருந்தாய். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. பிரிண்ட் போட்டு உன் வேங்கிக்கால் வீட்டுக்கு எடுத்துப் போனேன். உன் அம்மா ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தாம்மா இருக்குது. ஆனா இது எம் பொண்ணு இல்ல. மூக்குத்தி எங்க?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எமர்ஜென்சி விளக்கில் மினுங்கிய உன் மூக்குத்தியையும் புள்ளி என்று துடைத்துப் போட்டிருக்கிறது அந்த மென்பொருள். கன்னத்து அம்மைத் தழும்பும் காணோம். "பரவால்ல, உடு. இதையே மாட்டிக்கறேன்" என்று என்னைத் தேற்றினார் அவர். ஊரார் கல்யாணத்தையெல்லாம் எடுத்தவளுக்கு அவள் முகத்தோடு ஒரு படம் இல்லையா? எனக்கு அவமானமாக இருந்தது.

அதனால்தான் இந்த வெயில் வேலை. அன்று போலவே கேமரா கொதிக்கட்டும் என்று காத்திருந்து, அதே ஷட்டர் நேரத்தில், மூடி போட்டு வெறும் இருட்டை எடுத்தேன். கம்ப்யூட்டரில் அதை உன் படத்திலிருந்து கழித்தேன். சூட்டில் கேமரா தானாக உண்டாக்கியது மூடி போட்டாலும் விழும், உன்னுடையது விழாது. சிவப்பும் நீலமும் போய்விட்டன. கொஞ்சம் கரகரப்பு மிச்சம், இருக்கட்டும். தழும்பு இருக்கிறது. மூக்குத்தி இருக்கிறது.

இந்த மடலை நேற்று மாடியில் எழுதத் தொடங்கினேன். இன்று படத்தைக் கொடுத்துவிட்டு வந்து முடிக்கிறேன். உன் அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு மூக்குத்தியை விரலால் தொட்டார். பிறகு கேட்டார்: "சிரிப்ப அடக்கிக்கினு இருக்கறா பாரு. யார பாத்துடி?"

"என்னப் பாத்துதாம்மா" என்றேன். உன்னை எடுத்துப்போன அன்றும் அழாதவள், அப்போதுதான் அழுதேன்.

இனி வருகிறவர் போகிறவர் எல்லோரையும் அந்தச் சுவரிலிருந்து அப்படியே பார்த்துக்கொண்டிருப்பாய். பார். ஆனால் அந்தச் சிரிப்பு என்னுடையதுடி.