இடது பக்கத்துப் பெடல்

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று அம்மா முதலில் எழுதச் சொன்னாள். அவள் கண்ணாடி உடைந்துவிட்டது, அதனால் இந்தத் தடவை அவள் சொல்ல நான் எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு படுக்காதே. அப்பாவுக்குத் தைக்கத் துணி கொடுத்துக்கொண்டிருந்த கடையை மூடிவிட்டார்கள், பட்டன் தைத்துக்கொண்டிருந்த எனக்கும் வேலை இல்லை. செவ்வாய்க்கிழமை ஒரு சட்டைக் கம்பெனியில் அப்பாவைத் தைத்துக் காட்டச் சொன்னார்கள், அவருடைய தையல் சாமான் பையைத் தூக்க நானும் போனேன்.

அங்கே தைக்கக் கொடுத்த மிஷினில் முதலில் என் கண்ணில் பட்டது பெடல்தான், வலது பக்கம் இருந்தது. வலது காலை அப்பாவால் ஊன்றக்கூட முடியாது, மிதிப்பது எங்கே. வீட்டு மிஷினில் அதை இடது பக்கம் நகர்த்தி வைத்திருப்பது உனக்குத் தெரியும். அங்கே அவர் இடது காலைக் குறுக்கே நீட்டி ஒரு காலர் தைத்தார், தையல் கோணிக்கொண்டு போனது. சூப்பர்வைசர் மரியாதையாகத்தான் பேசினார். கால் இப்படி இருப்பவர்களுக்கு மிஷின் சரிப்படாது, நூல் வெட்டுங்கள், உட்கார்ந்தே செய்யலாம் என்றார். இத்தனை வருஷம் சட்டை தைத்தவர் சரி என்றுவிட்டார். பெடலை நகர்த்தச் சொல்ல வேண்டியதுதானே என்று வீட்டில் அம்மா கேட்டாள். "சேர்றதுக்கு முன்னாடியே அதை மாத்து இதை மாத்துன்னா, இந்த ஆளே வேண்டாம்னு அனுப்பிடுவாங்க" என்றார். "உங்க வாய் வீட்டுக்குள்ள மட்டும்தான் வேலை செய்யும். இவளும் உங்களை உரிச்சு வச்சிருக்கா" என்று அம்மா எனக்கும் சேர்த்துக் கொடுத்தாள்.

மறுநாள் நூல் வெட்டப் போன அப்பாவுடன் நானும் போனேன். சூப்பர்வைசரிடம் பேச வாய் வரவில்லை. பையிலிருந்த ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அந்த மிஷினுக்கு அடியில் புகுந்துவிட்டேன். "ஏம்மா, அங்க என்ன பண்றே" என்றார். "பெடலை இடது பக்கம் வைக்கிறேன் சார். அப்பா இன்னொரு தடவை தைக்கட்டும்" என்றேன். அடியில் இருந்ததால் அவர் முகம் தெரியவில்லை, அதனால்தான் சொல்ல முடிந்தது. இந்தத் தடவை அப்பா கோணாமல் தைத்த காலரைச் சூப்பர்வைசர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மேனேஜரிடம் கேட்டுத் திங்கட்கிழமை சொல்வதாகச் சொன்னார். அதுவரை நூல்தான்.

அம்மா அப்பா ஆசி உனக்கு எப்போதும் உண்டு. பதிலில் அப்பாவுக்குத் தனியாக இரண்டு வரி எழுது, மறந்துவிடாதே.

அம்மா உள்ளே போய்விட்டாள், இது அவளுக்குத் தெரியாமல் எழுதுவது. கிளம்பும்போது பெடலைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டுப் போ என்று சூப்பர்வைசர் சொன்னார். சரி என்று தலையாட்டிவிட்டு, வைக்காமலே வந்துவிட்டேன்.

உன் தங்கை