நாற்காலியை இறக்கி வைத்தவர்கள்

தென்காசி,
14.7.2024

அன்புத் தம்பி ஞானசம்பந்தத்துக்கு,

அக்கா யோகலட்சுமி எழுதுகிறேன். மெல்பர்னில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே சாரல் விடாமல் அடிக்கிறது. துணி காய மாட்டேன் என்கிறது. முழங்கால் வலி பரவாயில்லை. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போன வருஷம் அப்பா காரியத்துக்கு நீ வராமல் போனதிலிருந்து போனில் நமக்கு இரண்டு வார்த்தைக்கு மேல் ஓடுவதில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் குத்துக்கல்வலசையிலிருந்து மாடக்கண்ணு என்று ஒருவர் வந்தார். போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். பழைய வீட்டை இடித்தபோது மரப்பெட்டியில் ஒரு புத்தகம் கிடைத்ததாம். உள்ளே தாத்தா பெயரும் நம் தெருப் பெயரும் அச்சாகியிருந்ததால் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

தாத்தாவின் நாவல், தம்பி. வெள்ளைக்காரன் தடை போட்டு ஒரு பிரதி விடாமல் எரித்ததாக அப்பா சொல்வாரே, அதுதான். “எரிச்சவங்கள்ல எங்க தாத்தாவும் ஒருத்தருதான் அக்கா. கான்ஸ்டபிளா இருந்தாவ. ஒண்ண மட்டும் சட்டைக்குள்ள சொருகிட்டு வந்துட்டாவ. தெரிஞ்சிருந்தா வேலையும் போயிருக்கும், ஜெயிலும்தான்” என்றார். ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டேன். எரிக்குமுன் பத்துப் பக்கம் படித்துவிட்டாராம். அவரைப் பெற்றவர் குற்றாலத்தில் துரைமாரை நாற்காலியில் வைத்து மலைக்குச் சுமந்தவராம்.

கதையும் அதுதான். செண்பகாதேவி அருவிக்குத் துரையைச் சுமந்து போகிற எட்டுப் பேர் பாதி மலையில் நாற்காலியை இறக்கி வைத்துவிட்டு நடந்துவிடுகிறார்கள். துரை கத்துகிறான். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இதை எழுதியதற்குத்தான் தாத்தாவுக்கு ஒன்றரை வருஷம் சிறை. வெளியே வந்தபின் அவர் ஒரு வரிகூட எழுதவில்லை.

சின்ன வயதில் உன்னைத் தூங்க வைக்க அப்பா சொன்ன கதை இதுவே. நாவலும் இல்லை ஒன்றும் இல்லை, எல்லாம் அப்பா கட்டிவிட்டது என்று நீ சொன்ன அன்றைக்கு அவர் சாப்பிடாமல் எழுந்துபோனார். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கடைசி மாசத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏட்டி, நீயாவது நம்புதியா?” என்று கேட்டார். நம்புகிறேன் என்றேன். நம்பவில்லை, தம்பி. அவருக்கும் அது தெரிந்திருக்கும்.

மாடக்கண்ணு கொடுத்துவிட்டுப் போன புத்தகத்தைத் தினமும் காலையில் அப்பா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து சத்தமாக வாசித்தேன். கேட்பதற்கு வேறு யார் இருக்கிறார்கள்? நேற்றோடு நின்றுபோய்விட்டது. அந்த எட்டுப் பேரைத் தேடிப் போலீஸ் மலையேறுகிறது. அதற்கு மேல் உள்ள பக்கங்களைக் கறையான் தின்றுவிட்டது. அவர்கள் தப்பினார்களா, பிடிபட்டார்களா, தெரியவில்லை.

நான் அடுப்படியில் வேலை பார்த்துக்கொண்டே அரையும் குறையுமாகக் கேட்டவள். முழுக்கக் கேட்டது நீ ஒருவன்தான். அப்பா முடிவை எப்படிச் சொன்னார்? நினைவிருந்தால் எழுதி அனுப்ப வேண்டாம். வந்து, அவர் முன்னால் உட்கார்ந்து, உன் வாயால் சொல்.

குற்றாலநாதர் உங்கள் எல்லாரையும் காக்கட்டும்.

உன் அக்கா,
யோகலட்சுமி