பிரசவ வலியும் பேட்டரியும்

அன்பு மனைவிக்கு,

நான் நலம். உன் கால் வீக்கம் வற்றியதா? வயிற்றில் நம் பிள்ளை உதைக்கிறதா?

இன்று காலை இங்கே சின்னக் கலாட்டா. முதலாளியம்மாவுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. காரில் ஏற்றிச் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' சத்தம் மட்டும்தான். என்ஜின் சுற்றவே இல்லை.

"என்னப்பா ஆச்சு? இவளால தாங்க முடியல!" என்று முதலாளி கத்தினார்.

ஹெட்லைட்டைப் போட்டேன், மங்கலாக எரிந்தது. பானெட்டைத் திறந்தால் பேட்டரி முனையில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. வெந்நீர் ஊற்றித் தேய்த்து, வயரை இறுக்கினேன். கிளம்பிவிட்டது.

ஆஸ்பத்திரியில் சேர்த்த கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை. இருவரும் நலம்.

எதிர்வீட்டு ஆட்டோ அண்ணனிடம் தினமும் காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கச் சொல். கிளம்பியது என்று எனக்கு ஒரு வார்த்தை அனுப்பு. அப்புறம்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும்.

முதலாளி கூப்பிடுகிறார், ஓடுகிறேன்.

உன் கணவன்