மச்சான் கடிதத்தின் தேதி

அக்கா,

பரணைக் கூட்டும்போது உன் பிஸ்கட் டின் அகப்பட்டது. திறந்ததும் அந்துருண்டை வாசனை. நான் போட்ட தும்மலில் நம் காஜா பேராங் தெருவே ஒரு முறை குலுங்கி நின்றது. உள்ளே அந்த ஒரே கடிதம். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் கொண்டுபோன மச்சான் எழுதியது.

சண்டை ஓய்ந்தபின் சயாமிலிருந்து திரும்பிய ஒருவர் கொடுத்துப் போனார். அவருக்கும் பல கை மாறி வந்ததுதான். உனக்கு எழுத்து தெரியாது. உலக மொழிகளெல்லாம் கைகட்டி நிற்கும் மேதையாகிய நான் வாசித்தேன். "விடாத மழை. கூடாரத்தில் பேதி கண்டிருக்கிறது. எனக்கு ஒன்றுமில்லை." மேலே 3-7-5 என்றிருந்தது. ஜப்பான் கணக்கில் சண்டை முடிந்த வருடம் 2605. கடைசி ஐந்தை அதுவென்றே எடுத்துக்கொண்டேன்.

"ஜூலை மூணு, அக்கா! சண்டை முடியுற நேரத்துலயும் மச்சான் குத்துக்கல்லாட்டம் இருந்திருக்காரு. வந்துருவாரு பாரு!"

பன்னிரண்டு வருடம் பொட்டோடு காத்திருந்தாய். ஊர் முணுமுணுத்தபோது, "என் தம்பி தேதியப் படிச்சுச் சொன்னான்" என்று வாயடைத்தாய்.

இந்த நாட்டுக்கும் சுதந்திரம் வந்தது. உன் குடியுரிமைப் பாரத்தை நிரப்பப் பழைய தாள்களைப் பரப்பினேன். ஜப்பான் காலத்து அரிசிக் கார்டில் 3-4-29 என்றிருந்தது. இருபத்தொன்பது எப்படி வருடமாகும்? ஜப்பான்காரர்கள் வருடத்தை முதலில் எழுதியிருக்கிறார்கள். அப்படியென்றால் அவர்கள் முகாமிலிருந்த மச்சான் எழுதியது 2603, ஜூலை ஐந்தில். சண்டை முடிய இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அந்த மழையில்தான் காலரா கூடாரம் கூடாரமாக வாரிக்கொண்டு போனதென்று திரும்பி வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள்.

"என்னடா, வாயில கொழுக்கட்டையா? மச்சான் பேர எழுதிட்டியா?" என்றாய்.

வாழ்நாளில் அன்றுதான் ஒரு சொல்கூடக் கூட்டாமல் பேசினேன். நீ முந்தானையால் நெற்றியைத் துடைத்தாய்.

"செத்த நாள் தெரியாதில்ல?"

"தெரியாதுக்கா."

"அஞ்சாந்தேதி உயிரோட இருந்தாருல்ல? அதையே வச்சுக்குவோம். அன்னைக்கே படைப்போம்."

பிறகு என்னைப் பார்த்து, "ஒன்னத் திட்டணும்டா. ஆனா பன்னெண்டு வருஷம் நான் சுமங்கலியா இருந்துட்டேனே. இரு, ஒரு நாளைக்கு வச்சுத் திட்டுறேன்" என்றாய்.

ஜூலை ஐந்துக்கு இலை போடுவது இப்போது என் வேலை. யார் பழைய கடிதம் கொண்டுவந்தாலும் வாசித்துக் காட்டுகிறேன்; தேதியை மட்டும் மூன்று தரம் பார்த்துவிட்டே வாயைத் திறக்கிறேன்.

அந்தத் திட்டை வாங்காமலே உன்னை அனுப்பிவிட்டேன், அக்கா.