மூன்றாம் பெட்டி, 47ஆம் சீட்டு

மார்ச் 4, செவ்வாய்

சேமிப்பறைச் சுவருக்குள் ஓடும் குழாய் உடைந்துவிட்டது. எழுத்தாளரின் பதினொரு பெட்டிகளில் மூன்றாவது முழுக்க நனைந்தது. மனிதர் இறந்து இரண்டரை வருஷம். ஒழுகுகிற மாடியறையில் நாற்பது வருஷம் தாக்குப்பிடித்த காகிதங்களை, "பத்திரமாக வைக்கிறோம்" என்று நூலகத்துக்கு வாங்கிவந்து நனைத்திருக்கிறோம்.

மேசையெங்கும் உறிஞ்சுதாள் விரித்து, அவர் குறிப்பும் கவிதையும் எழுதிய சீட்டுகளையும் புகைப்படங்களையும் பரப்பினேன். எனக்குக் காய்ச்சல் வேறு. மறந்துவிடுவேன் என்று மறுநாள் வேலையை நாலு வரி பென்சிலில் எழுதிப் பெட்டிமேல் வைத்துவிட்டு வந்தேன். கைக்கு வேறு காகிதம் அகப்படவில்லை. பெட்டியோடு வந்த பழுப்பு உறை ஒன்று காலியாகக் கிடந்தது, எப்படியும் கழிக்க வேண்டியது. அதில் ஒரு துண்டு கிழித்தேன். ஆவணக் காப்பாளன் செய்யக் கூடாத காரியம்தான். யார் பார்க்கப்போகிறார்கள்?

மார்ச் 12, புதன்

ஒரு வாரம் படுக்கை. இன்று போய் மூன்றாம் பெட்டிச் சீட்டுகளுக்கு எண் போட்டு முடித்தேன். மொத்தம் 47. மாத்திரை மயக்கத்தில் பாதி எண்கள் கோணல். அழித்து எழுத முடியாது. எண் போட்டதை எடுக்கவோ மாற்றவோ கூடாது என்று சுவரில் ஒட்டியிருப்பதே நான்தான், கீழே என் கையெழுத்தோடு.

மார்ச் 13, வியாழன்

பால்காரருக்கு எழுதிவைத்த சீட்டைப் பார்த்து மனைவி கேட்டாள்: "இதென்னங்க, நாளைன்னு எழுதச் சொன்னா ளை-யில யானை தும்பிக்கையைத் தூக்கிட்டு நிக்குது?"

எழுத்தாளர் கடைசிவரை பழைய எழுத்தைத்தான் எழுதினார். லை, ளை, ணை, னை எல்லாவற்றுக்கும் முன்னால் துதிக்கை. இரண்டு வருஷமாக அவர் சீட்டுகளைப் பார்த்துப் பார்த்துப் படியெடுத்ததில் என் கையும் அப்படியே பழகிவிட்டது. இன்னும் கொஞ்சநாள் போனால் அவரைப் போல இருமவும் ஆரம்பிப்பேன்.

மார்ச் 19, புதன்

எழுத்தாளரின் மகள் வந்திருந்தார். ஒரே மகள். தன் மணவாழ்க்கை முறிந்த கதையை அப்பா பேர்கூட மாற்றாமல் கதையாக எழுதி அச்சில் போட்டார் என்று ஒன்பது வருஷம் பேசாமல் இருந்தவர். சாவுக்குத்தான் வந்தார்.

வருகைப் பதிவேட்டை மூடிவிட்டுக் கேட்டார்: "சார், எல்லாத்தையும் படிச்சவர் நீங்க ஒருத்தர்தான். எனக்குன்னு ஏதாவது எழுதி வச்சிருக்காரா?"

"இன்னும் மூணு பெட்டி பாக்கி இருக்கு மேடம்" என்றேன்.

பொய். அவர் எழுதிய கடிதங்களை எல்லாம் ஒருமுறை புரட்டியாகிவிட்டது. பதிப்பாளர்களுக்கு, எதிரிகளுக்கு, மின்வாரியத்துக்கு, பக்கத்து வீட்டு நாய்க்குச் சொந்தக்காரருக்கு என்று எல்லோருக்கும் எழுதியிருக்கிறார். அந்த அம்மாவுக்கு ஒரு வரி இல்லை. வாய் வரவில்லை எனக்கு.

ஏப்ரல் 2, புதன்

ஐந்தாம் பெட்டியில் என்னையே கண்டெடுத்தேன். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன் அவர் நடத்திய பத்திரிகைக்கு நான் அனுப்பிய மூன்று கவிதைகள். ஓரத்தில் சிவப்புப் பென்சிலில் அவர் எழுதியிருக்கிறார்: "கட்டளை போடுகிறார். கவிதை வரவில்லை."

காது சூடாகிவிட்டது. கிழித்துப் போட்டால் கேட்க ஆளில்லை. ஆனாலும் யோக்கியன் வேஷம் போட்டுப் பழகிவிட்டதே. எண் 5/112, அனுப்பியவர்: இந்நூலகத்தின் ஆவணக் காப்பாளர். கோணல் இல்லாமல் போட்டேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

எழுத்தாளரைப் பற்றி ஏற்கெனவே நாலு புத்தகம் போட்ட பேராசிரியர், வாசிப்பறையில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். பேசக் கூடாத இடத்தில் உரக்கப் பேசினார்.

"கடைசிக் கவிதை சார்! மூணாம் பெட்டியோட கடைசிச் சீட்டு, கிழிஞ்ச உறைத் துண்டுல! கேளுங்க!"

படித்தார்:

ஈரம் காயும்வரை திறக்காதே.
அரித்த ஓரங்களைத் தொடாதே.
பெயர் இல்லாதவர்களைத் தனியே வை.
நாளை பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிட்டது, பெட்டிமேல் நான் வைத்த வேலைச் சீட்டு. ஈரம், குழாய்த் தண்ணீர். அரித்த ஓரங்கள், காகிதம் தின்னும் வெள்ளிப்பூச்சி. பெயர் இல்லாதவர்கள், பின்பக்கம் எதுவும் எழுதாத புகைப்படங்கள். எண் 3/47. மாத்திரை மயக்கத்தில் நானே போட்ட எண்!

"நாளை-ன்னு முடிக்கிறார் பாருங்க. நாளை இல்லாத மனுஷன்!" என்று பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் தலையை ஆட்டினேன். ஏன் ஆட்டினேன்?

உண்மையைச் சொன்னால் உறையைக் கிழித்ததையும் சொல்ல வேண்டும். அதுதான் ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு, இங்கே எழுதாமல் எங்கே எழுதுவது. சந்தோஷமாக இருந்தது. இருபத்தெட்டு வருஷம் கழித்து என் கவிதை தேறிவிட்டது, அவர் பெயரில்.

ஏப்ரல் 23, புதன்

செய்தித்தாளில் நாலு வரியும் வந்திருக்கிறது. ஓர் எழுத்துப்பிழை. அதற்குக் கோபம் வருகிறது எனக்கு!

ஏப்ரல் 25, வெள்ளி

மகள் வந்தார். சீட்டைப் பார்க்க வேண்டும் என்றார். கண்ணாடி உறைக்குள் வைத்துக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"ஓரங்களைத் தொடாதேன்னு எழுதியிருக்கார் பாருங்க சார். என் விஷயத்தைத் தொட்டிருக்கக் கூடாதுன்னு அவருக்குப் பட்டிருக்கு. நேர்ல சொல்ல வரலை. அவர் அப்படித்தான்."

அழுதார். பெரிய பாரம் இறங்கிய அழுகை. கைக்குட்டை கொடுத்தேன். கட்டிக்கொண்டிருக்கும் புது வாசிப்பறைச் சுவரில் இந்த வரிகளைப் பொறித்துவைக்கத் தாமே ஏற்பாடு செய்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று நாளாக இருந்த சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. அப்பன் கேட்காத மன்னிப்பை நான் அவர் சார்பில் கேட்டு, அந்த அம்மாவும் கொடுத்துவிட்டார். டேய், நீ யாருடா இதுக்கு?

மே 5, திங்கள்

மனைவியிடம் சொல்லத் தேவையே வரவில்லை. பத்திரிகையைப் பார்த்துவிட்டு, ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து என் சீட்டு ஒன்றை உரித்து எடுத்து வந்தாள். "வெந்நீர் ஆறும்வரை மூடாதே. மேல்தட்டு டப்பாக்களைத் தொடாதே." இரண்டையும் பக்கத்தில் வைத்தாள்.

"இருபத்தாறு வருஷமா இந்தக் கவிதையைத்தான் நான் படிச்சிட்டிருக்கேன். எனக்கு யாரும் விழா எடுக்கலையே."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணுகிட்ட எப்ப சொல்லப்போறீங்க?"

மே 6, செவ்வாய்

முதலில் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு என் பழைய கவிதைகளின் நகலை எடுத்து மேசைமேல் வைத்தார். எண் 5/112.

"கவிதை திரும்பி வந்த வலி எனக்கும் தெரியும் சார். அதுக்காக அவரோட கவிதையை உங்களோடதுன்னு சொல்லலாமா?"

"கையெழுத்து என்னோடது சார்."

"இந்தக் காலத்துல யார் சார் துதிக்கை வச்ச ளை போடுறாங்க? உறையும் அவரோடது. எண் போட்டது நீங்க."

என் யோக்கியதையை நானே எண் போட்டுப் பெட்டியில் வைத்திருந்தேன். அதையே எடுத்து என் வாயை அடைத்துவிட்டார்.

மே 7, புதன்

நூலக இயக்குநரிடமும் சொன்னேன். அவர்: "சுவர்ப் பலகை அடிக்கக் கொடுத்தாச்சு. நீங்க ரெண்டு நாள் லீவு எடுங்க."

மே 8, வியாழன்

லீவு எடுத்துக்கொண்டு மகளின் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் இரண்டு நாற்காலி, ஒரு தையல் இயந்திரம். உட்காரும் முன்பே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

அவர் உள்ளே போய் ஒரு பென்சிலும் தாளும் கொண்டுவந்தார். "எழுதுங்க."

எழுதினேன். துதிக்கை தானாகத்தான் வந்தது. குழாய் உடைந்ததையும், ஒவ்வொரு வரிக்கும் என்ன வேலை என்பதையும் சொன்னேன். மூன்றாவது வரிக்கு வந்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

"அப்ப எனக்குன்னு எதுவும் இல்லையா சார்?"

"இல்லம்மா."

இரண்டு வருஷமாக 'மேடம்' என்றவன் அம்மா என்றுவிட்டேன். அவர் தாளை நாலாக மடித்தார். "மார்ச்லயே உங்களுக்குத் தெரியும்." கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. ஆமாம் என்றேன். எழுந்து கதவைத் திறந்துவிட்டார். நல்லா ரெண்டு திட்டு திட்டியிருக்கலாம்ல? அதுக்குக்கூட நான் லாயக்கில்லைன்னு நினைச்சுட்டாங்க போல.

மே 9, வெள்ளி

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூன் 12, வியாழன்

வாசிப்பறை திறப்பு. நேற்று மகள் வந்து இயக்குநரிடம் ஒரே வாக்கியம் சொல்லிவிட்டுப் போனாராம்: "அது எங்கப்பா எழுதினது இல்லை, பேரை எடுங்க." பித்தளைப் பலகையைச் சுவரில் பதித்தாயிற்று. பெயர்த்தால் சுண்ணாம்பு உதிரும். ஆகவே கீழே இருந்த பெயரை மட்டும் அரத்தால் ராவி எடுத்துவிட்டார்கள். நாலு வரி இருக்கிறது, பெயரில்லை.

வருகிறவர்கள் அதை வாசிப்பறை விதி என்று நினைத்துக்கொள்கிறார்கள். இன்று ஒரு பெரியவர் பழைய புத்தகத்தைப் புரட்டும்போது பலகையை ஒருமுறை பார்த்துவிட்டு, ஓரத்தில் விரல் படாமல் ஜாக்கிரதையாகத் திருப்பினார். பதினேழு வருஷமாக நான் வாயால் சொல்லி நடக்காத காரியம்.

பேராசிரியர் அசரவில்லை. 'ஆசிரியரற்ற பிரதி' என்று புதுக் கட்டுரை எழுதுகிறாராம். எனக்கு உறை கிழித்ததற்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. நியாயம்தான். எழுதிக் கொடுத்தேன்.

ஜூலை 3, வியாழன்

காலையில் சேமிப்பறை வாசலில் மகள் நின்றிருந்தார். எட்டு வாரம் கழித்து.

"பேர் இல்லாத போட்டோன்னு சொன்னீங்களே. எனக்கு ஆளுங்க தெரியும். உட்காரட்டுமா?"

அறுபத்திரண்டு படங்கள். ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். இவர் அச்சகத்துக்காரர், இது அத்தை, இது அத்தை ஓடிப்போகாமல் இருந்திருந்தால் கட்டியிருக்க வேண்டிய மாமா என்று சொல்லிக்கொண்டே போனார். நான் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினேன். நடுவில் சிரித்தோம்கூட.

நாற்பதாவது படம் ஒரு சிறுமி. முன்பல் இல்லாமல், ஒரு பெரிய ஆளின் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். அட்டவணையில் 'அடையாளம் தெரியாத சிறுமி, ஓரங்கள் அரிக்கப்பட்டவை' என்று எழுதியிருந்தேன். அவர் அதைக் கீழே வைக்கவில்லை.

"இது நான். அவரோட செருப்பு." பிறகு, "இதையும் பூச்சி அரிச்சிடுச்சா?"

வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தேன். பூச்சி தின்றால் ஓட்டை விழும், ஓரம் பல் பல்லாக இருக்கும். இது வழுவழுவென்று தேய்ந்திருந்தது, கட்டைவிரல் பிடிக்கும் ஒரு மூலையில் மட்டும். இத்தனை வருஷம் இந்த வேலை பார்த்தும் அன்றைக்கு நான் சரியாகப் பார்க்கவில்லை.

"பூச்சி இல்லம்மா. தப்பா எழுதிட்டேன். கையில வச்சுப் பாத்துப் பாத்துத் தேய்ஞ்சது."

அவர் தம் கட்டைவிரலை அந்த மூலையில் வைத்தார். நான் போய் இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தேன். வேண்டுமென்றே மெதுவாகப் போய் மெதுவாக வந்தேன்.

பாக்கி இருபத்திரண்டையும் வியாழக்கிழமைதோறும் வந்து முடிக்கிறேன் என்றார். போகும் முன், அடுத்த வாரத்துக்கான வேலையை ஒரு சீட்டில் எழுதினேன், இந்தத் தடவை நூலகத் தாளில். பெட்டிமேல் வைக்கப்போனேன். எட்டிப் பார்த்தவர் பென்சிலை என் கையில் திருப்பித் திணித்தார்.

"கீழ கையெழுத்துப் போடுங்க சார். இல்லைன்னா இதுவும் சுவருக்குப் போயிடும்."

போட்டேன். தேதியும் போட்டேன்.