சிதையாமல் நின்ற புரதம்

வெண்ணந்தூர்,
9.11.1986

அன்புள்ள சௌந்திரத்துக்கு,

அப்பா எழுதுவது. வீட்டில் யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் அந்த வெளிநாட்டுக் குளிருக்கு ஈடுகொடுத்து வேளைக்கு உண்கிறாய் என்று நம்புகிறேன். கோபத்தில் எழுதக் கூடாதென்று உன் கடிதத்துக்குப் பதிலைத் தள்ளிப்போட்டேன். கோபம் தணியவில்லை, எழுத்து மட்டும் நிதானப்பட்டிருக்கிறது.

நம்மூர் மாரியம்மன் நோன்பித் திருவிழாவன்று நான் ஓமலூர் போயிருந்த வேளையில், உன் மாமா வெள்ளியங்கிரி, நேர்ந்துவிட்ட கிடாயென்று எண்ணி இனவிருத்திக்கு வைத்திருந்த நம் பொலிகிடாயை வெட்டிவிட்டார். கண்ணேறு படாதிருக்க அம்மா அதன் கழுத்தில் கட்டிய மஞ்சள் துணி ஒன்றே அவருக்குப் போதுமானதாக இருந்தது. கேட்டதற்கு, மஞ்சத்துணி கட்டுன கெடா வெட்டறதுக்கில்லாம பள்ளிக்கோடம் போறதுக்குங்களா மச்சான் என்றார். ஒரு வார்த்த கேட்டிருந்தா வாயா தேஞ்சிரும் என்று அம்மா இரைந்தாள். அதற்குள் கறி வெந்துவிட்டது.

அவர் விசாரிக்காதவர். நீ விசாரித்தவள். யுபிக்விட்டின் என்னும் சிறு புரதத்தை ஒரு நொதி ஆயத்தம் செய்ய, ஒன்று சுமக்க, ஒன்று ஆளறிந்து மற்றொரு புரதத்தின்மேல் ஒட்ட, அப்படி ஒட்டு விழுந்த புரதம் சிதைக்கப்படுகிறது என்று சென்ற ஆண்டு எழுதினாய். விலங்கியல் படித்த எனக்கே அது புதிது. ஆனால் நீ ஆராயும் கட்டுப்பாட்டுப் புரதம், மரபணுவை இயக்கவும் நிறுத்தவும் வல்லது, ஒட்டு விழுந்த பின்னும் சிதையாமல் நின்றது, வேலையை மட்டும் மாற்றிக்கொண்டது, பிறகு அந்த ஒட்டும் கழற்றப்பட்டது என்று ஆடியில் எழுதியவளும் நீயே. திரும்பத் திரும்பச் செய்தும் அதுவே என்றாய். இப்போது, ஒட்டினால் சிதைவுதான் என்று உன் பேராசிரியர் எழுதும் கட்டுரையில் உன் பெயர் இருக்குமாம், உன் சோதனை இருக்காதாம். பெரியவர் சொல்லறப்ப என்னங்கப்பா பண்றது என்று என்னையே கேட்கிறாய்.

சோதனையைச் சேர்க்கும்படி அவரிடம் எழுத்தில் கேள். மறுத்தால் உன் பெயரை நீக்கச் சொல். ஆராய்ச்சி இடம் போய்விடும் என்கிறாய், போகட்டும். பட்டமின்றித் திரும்பினால் ஊர் பேசும், முதலில் உன் மாமாவே பேசுவார். அவர்களுக்குப் பதில் சொல்ல நான் இருக்கிறேன். பொய்யென்று நீ அறிந்த ஒன்றின்கீழ் உன் பெயர் அச்சேறினால், அதற்குப் பதில் சொல்ல என்னால் ஆகாது.

உடம்பைப் பார்த்துக்கொள். அம்மா பருப்புப்பொடி அனுப்பியிருக்கிறாள். என் ஆசி உனக்கு என்றும் உண்டு. அதற்கு நிபந்தனை கிடையாது. கட்டுரை அச்சுக்குப் போகுமுன் தந்தி கொடு. அவரிடம் கேட்டுவிட்டேன் என்ற ஒரு வரி போதும். கேட்காததற்குக் காரணம் சொல்வதாயிருந்தால் அம்மா பெயருக்கு எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா,
வெ. அர்த்தநாரி