தொட்டால் எந்த அருவி திறக்கும்

2025 ஜூன் 18, புதன். காலை 6.40.

ஆப் போட்டிருக்கும் போன்கள்: 17.

பதினேழும் தென்காசி ரயில் நிலையத்து முன்னால் நிற்கிற வேன்காரர்களின் போன். நேற்று ஒவ்வொருவரிடமும் வாங்கி நானே போட்டுக் கொடுத்தேன். ஆப்பின் பேர் 'விழுதா'. ஜூன் பிறந்துவிட்டால் இந்த ஊரில் எல்லோரும் எல்லோரிடமும் கேட்கிற கேள்வி அதுதானே. தண்ணி விழுதா?

வேலை எளிது. பேரருவி, ஐந்தருவி, பழைய அருவி. மூன்று இடத்திலும் எனக்கு ஒரு ஆள். பேரருவியில் எண்ணெய் தேய்த்துவிடும் இசக்கிமணி, பழைய அருவியில் பார்க்கிங் டோக்கன் கிழிப்பவர், ஐந்தருவியில் துண்டு விற்கும் முத்துசெல்வி அக்கா. போலீஸ் கயிறு கட்டினால் 'தடை', அவிழ்த்தால் 'குளிக்கலாம்'. அவர்கள் ஒரு பட்டனை அமுக்கினால் பதினேழு போனிலும் நோட்டிஃபிகேஷன் வரும். அதைத் தொட்டால் அந்த அருவியின் பக்கம் நேராகத் திறக்கும். ஆப்பைத் தேடி, திறந்து, பட்டியலில் அருவியைத் தேடி... ஸ்டியரிங் பிடிக்கிறவனுக்கு அதெல்லாம் ஆகாது. போன் முகப்பில் விட்ஜெட்டும் உண்டு. மூன்று பட்டன், மூன்று அருவி.

வேன் ஸ்டாண்டுத் தலைவர் சுந்தரபாண்டி அண்ணாச்சி ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: தொட்டதும் மெசேஜ் மறையக் கூடாது. ஏன் என்று நான் கேட்கவில்லை. ஒரு வரி வேலை, செய்துவிட்டேன்.

ஜூலை 6 ஞாயிறு ஸ்டாண்டுக் கூட்டம். ஐம்பத்திரண்டு வண்டியும் இதைப் போடுவதா, பதினேழு பேரும் அழித்துவிடுவதா என்று அன்று முடிவு. ஜூலை 14 பெங்களூர் கம்பெனியில் நான் சேர வேண்டிய தேதி. போட்டால் இங்கே இருப்பேன். அழித்தால் அங்கே போவேன். இதில் யோசிக்க எதுவுமில்லை.

ஜூன் 19, வியாழன்

ஒரே நாளில் 212 தடவை தொட்டிருக்கிறார்கள். பெங்களூரில் முன்னால் இருந்த கம்பெனியில் இரண்டு வருஷம் நான் எழுதிய எதையும் என் கண் முன்னால் ஒருத்தன் தொட்டதில்லை.

ஜூன் 21, சனி

முத்துசெல்வி அக்கா போனில் ஏசினார். ஐந்தருவியில் ஐந்து கிளையிலும் தண்ணீர் கொட்டுகிறது, சனிக்கிழமை வேறு, ஆனால் நம் பதினேழு வேனில் ஒன்றுகூட மேலே வரவில்லையாம். "ஏலே பெலிக்ஸு, தொறந்துட்டுன்னுதான நான் அமுக்கினேன். ஓன் ஆப்பு அங்கன என்னத்தச் சொல்லுதுன்னு போயிப் பாரு. இங்கன குரங்குக்குத்தான் துண்டு விக்கணும் போலுக்கு."

ஸ்டாண்டுக்குப் போனேன். மசூது அண்ணன், இருபது வருஷமாக அங்கே வேன் ஓட்டுகிறவர், தன் போனை நீட்டினார். ஐந்தருவி மெசேஜைத் தொட்டார். சிவப்பு. தடை. "செவப்பு காட்டுது தம்பி, அதான் எல்லாரும் பேரருவிக்கே போயிட்டோம்."

வாங்கிப் பார்த்தால், திறந்திருந்தது பழைய அருவியின் பக்கம். தலைப்பில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. எவரும் தலைப்பைப் படிப்பதில்லை, நிறத்தைத்தான் பார்க்கிறார்கள்.

என் போனுக்கு அதையே மறுபடி வரவைத்துத் தொட்டுக் காட்டினேன். ஐந்தருவி சரியாகத் திறந்தது. அவர் போனில் மறுபடியும் பழைய அருவி. நீங்கள் தப்பாகத் தொடுகிறீர்கள் என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற சுந்தரபாண்டி அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. "தொடுததுல என்னலே தப்பும் சரியும்? கோலமா போடுதோம்?"

ஜூன் 22, ஞாயிறு. மதியம்.

பிடிச்சுட்டேன்!

மசூது அண்ணன் போனில் பத்தொன்பது மெசேஜ் அடுக்கிக் கிடக்கிறது. புதனிலிருந்து வந்த ஒன்றைக்கூட அவர் துடைக்கவில்லை. நானோ ஒவ்வொரு தடவை சோதித்ததும் துடைத்துவிடுவேன். என் போனில் ஒரு நேரத்தில் ஒரு மெசேஜுக்கு மேல் இருந்ததே இல்லை. எப்படித் தெரியும் எனக்கு?

நோட்டிஃபிகேஷனுக்குள் திரை கிடையாது. 'என்னைத் தொட்டால் இந்தத் திரையைத் திற' என்று முன்கூட்டியே எழுதி ஆண்ட்ராய்டு கையில் கொடுத்து வைக்கிற ஒரு சீட்டுதான் இருக்கிறது. அதற்குப் பேர் பென்டிங் இன்டென்ட். சீட்டுக்கு ஓர் எண் போட வேண்டும். நான் எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டிருக்கிறேன். உள்ளே எந்த அருவியின் பேரை எழுதினாலும் ஆண்ட்ராய்டு அதைப் பிரித்துப் பார்க்காது. எண்ணும் ஒன்று, திறக்க வேண்டிய திரையும் ஒன்று என்றால், சீட்டும் ஒன்றுதான் அதற்கு. புதிது வந்தால் பழையதன் மேலேயே எழுதிவிடும். ஆக மெசேஜ் பத்தொன்பது, சீட்டு ஒன்று. எதைத் தொட்டாலும் கடைசியாக வந்த அருவி. விட்ஜெட்டிலும் இதே லட்சணம், மூன்று பட்டனும் பழைய அருவிக்கே போகிறது. விட்ஜெட்டை நான் சோதித்தது ஒரே ஒரு பட்டனில்.

முதல் வாரம் வேலைக்குச் சேர்ந்தவன் செய்கிற தப்பு. வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை.

ஜூன் 23, திங்கள்

மெசேஜுக்கு மெசேஜ் தனி எண். விட்ஜெட் பட்டனுக்குப் பட்டன் தனி எண். மசூது அண்ணன் போனில் புதிதாக ஏழு மெசேஜ் வரவைத்து, மேலும் கீழுமாக மாற்றி மாற்றித் தொட்டேன். ஏழும் சரியான அருவி. அவர் என் முதுகில் ஒன்று போட்டார், இன்னும் எரிகிறது.

ஜூன் 25, புதன்

மலையில் நல்ல மழை. மூன்று அருவியிலும் தடை, மூன்று பக்கமும் சிவப்பு. இவ்வளவு அழகான சிவப்பை நான் பார்த்ததில்லை.

ஜூன் 28, சனி. மாலை 6.10.

இப்பதான் ஸ்டாண்டிலிருந்து வந்தேன்.

காலை 7.15க்கு பழைய அருவி 'குளிக்கலாம்'. மதியம் 2.30க்கு மலையில் மழை, 'தடை'. இரண்டு மெசேஜும் எல்லாப் போனுக்கும் போயிருக்கிறது. நாலு மணிக்கு மசூது அண்ணன் பதினோரு பேரை ஏற்றிக்கொண்டு பழைய அருவிக்குக் கிளம்பும்போது ஒரு மெசேஜைத் தொட்டிருக்கிறார். காலையில் வந்ததை. பச்சை.

அங்கே போனால் கயிறு. வேனில் வந்த இரண்டு இளவட்டங்கள், ஆப்பில் பச்சை காட்டுகிறதே என்று சொல்லிக் கயிற்றுக்குக் கீழே குனிந்து உள்ளே போயிருக்கிறார்கள். போலீஸ்காரர் ஒருவர் சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டிருக்கிறார். அடுத்த நிமிஷம் தண்ணீரோடு ஒரு மரக்கட்டை வந்து விழுந்ததாம். அந்தப் பயல்கள் நிற்கப் போன இடத்திலேயே.

ஏன் பச்சை? சீட்டுக்குள் அருவியின் பேரோடு அந்த நேரத்து நிலையையும் நான்தான் எழுதி வைத்தேன். திரை அதை அப்படியே காட்டுகிறது. ஒரே சீட்டாக இருந்தபோது அருவி மாறினாலும் காட்டியது கடைசி நிலையை. திங்கட்கிழமை நான் சரிபண்ணினேன் பாரு, அதோடு ஒவ்வொரு மெசேஜும் தன் பழைய நிலையைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டது. முன்னால் இருந்த தப்பு ஆளைத் திருப்பி அனுப்பியது. என் திருத்தம் ஆளை உள்ளே அனுப்பியது.

அண்ணாச்சி கத்தவில்லை. "ஒரு உசுரு போயிருந்தா நீ வந்து பதில் சொல்லுவியாலே?" என்று கேட்டார். அப்புறம் தன் போனில் இருந்து அழித்தார். வரிசையாக இன்னும் எட்டுப் பேர் அழித்தார்கள்.

நான் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். மசூது அண்ணனைப் பார்த்து, பழைய மெசேஜை அன்றன்றைக்குத் துடைத்திருந்தால் இது நடந்திருக்குமா என்று கேட்டுவிட்டேன். அவர் வேனில் ஏறிப் போய்விட்டார்.

என்ன மனுசன்லே நீ?

ஜூன் 29, ஞாயிறு

போன்கள்: 8.

ஜூன் 30, திங்கள்

காலையில் போய் மன்னிப்புக் கேட்டேன். மசூது அண்ணன் முன் சீட்டைத் தட்டி, ஏறு என்றார். நாள் முழுக்க அவரோடு சுற்றினேன். அவர் போனில் ஆப் இன்னும் இருக்கிறது. அழித்த ஒன்பது பேரில் அவர் இல்லை.

பத்தரை மணிக்கு விருதுநகர்க் குடும்பம் ஒன்றோடு ஐந்தருவிக்குப் போனோம். போய் இறங்குகிற நேரம் கயிறு கட்டுகிறார்கள். அந்தக் குடும்பத்துப் பெரியவர் பிடித்துக்கொண்டார்: தண்ணி இருக்கிறது என்று பொய் சொல்லித்தானே கூட்டி வந்தாய், வாடகை பிடுங்கத்தானே. மசூது அண்ணன் போனை எடுத்து, திரையை மேலிருந்து கீழே இழுத்து, அடுக்கில் இருந்த ஒரு மெசேஜைக் காட்டினார். ஐந்தருவி, குளிக்கலாம், 10.20. அதற்கு மேலே: ஐந்தருவி, தடை, 10.58. பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டையும் படித்தார். அடங்கிவிட்டார். நாமதான் லேட்டு, என்று மனைவியிடம் சொன்னார்.

திரும்பி வரும்போது மசூது அண்ணன் சொன்னார். "இதுதான எனக்கு சாட்சி தம்பி. நீ தொடைக்கச் சொல்லுத. தொடச்சிட்டா நான் பொய்யன்."

ஸ்டாண்டில் எல்லோரும் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள். அண்ணாச்சி முதல் நாளே சொன்னார், மறையக் கூடாது என்று. ஏன் என்று கேட்க எனக்கு அரை நிமிஷம் ஆகியிருக்கும்.

ஜூலை 2, புதன். காலை 11.

எழுதி முடித்தேன். மூன்று நாள் வேலை ஒன்றரை நாளில்.

சீட்டுக்குள் இனி அருவியின் பேர் மட்டும். நிலை கிடையாது. எந்தப் பழைய மெசேஜைத் தொட்டாலும் அந்த அருவியின் பக்கம் திறக்கும், திறக்கிற கணத்தில் இப்போது என்ன நிலை என்று சர்வரைக் கேட்கும். மேலே பெரிதாக 'இப்போது'. கீழே அன்றைக்கு எத்தனை மணிக்குத் திறந்தது, எத்தனை மணிக்கு மூடியது, வரிசையாக. மெசேஜ்கள் அவர்கள் வைத்தபடியே அடுக்கில் இருக்கும். சாட்சிக்கு அடுக்கு, போவதற்குத் திரை.

சிக்னல் இல்லாவிட்டால் சாம்பல் நிறம், 'தெரியவில்லை'. கடைசியாகத் தெரிந்த பச்சையைக் காட்டவே காட்டாது. தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்ல எனக்கு இருபத்தாறு வயசு ஆகியிருக்கிறது.

இன்னொன்று. மெசேஜைத் தொட்டு உள்ளே வந்தவர் பின்னால் போகும் பட்டனை அமுக்கினால் ஆப்பே மூடிக்கொள்ளும். "வெளிய தள்ளிருது தம்பி" என்று மசூது அண்ணன் முதல் வாரமே சொன்னார். அதுதான் முறை என்று வாதாடினேன். யார் போட்ட முறை? இப்போது அந்தப் பக்கத்துக்கு அடியில் மூன்று அருவியும் உள்ள முதல் பக்கத்தை விரித்து வைத்துவிட்டேன். பின்னால் அமுக்கினால் அங்கே வரும்.

முத்துசெல்வி அக்காவுக்குத் தனி விட்ஜெட், ஒரே பட்டன். தொட்டால் நேராக நிலையை மாற்றும் திரை. அவர் கை எப்போதும் ஈரம், நாலு திரை தாண்டச் சொல்வது அநியாயம். அதோடு கயிற்றுக்குக் காத்திருக்க வேண்டாம், உங்களுக்குச் சந்தேகம் வந்தாலே அமுக்குங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

எட்டுப் போனிலும் புதியது ஏற்றியாச்சு. எட்டிலும் பழைய மெசேஜ் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தேன், ஒன்றையும் துடைக்காமல்.

ஜூலை 4, வெள்ளி. மதியம் 1.20.

வேலை செஞ்சுட்டு. வேலை செஞ்சுட்டு!

காலை 7.05க்கு ஐந்தருவி 'குளிக்கலாம்'. பத்தரைக்கு மசூது அண்ணன் ஆலங்குளத்து டீச்சர்கள் ஒன்பது பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். நானும் முன் சீட்டில். மலை மேலே கறுத்துக் கிடந்தது, ஊருக்குள் சாரல்கூட இல்லை. நன்னகரத்தில் டீக்கு நிறுத்தினார். ஒரு டீச்சர், தண்ணி நிஜமாவே விழுதா அண்ணே என்று கேட்க, இவர் பழக்கப்படி போனை இழுத்து அடுக்கில் அடியில் கிடந்த 7.05 மெசேஜைத் தொட்டார்.

நான் எட்டிப் பார்த்தேன்.

ஐந்தருவி. சிவப்பு. தடை, 10.42. நாங்கள் வண்டியை நிறுத்தி இறங்கின நேரம் அது. புது மெசேஜ் வந்த சத்தம் ரோட்டு இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

அக்காவுக்குப் போன் போட்டேன். "தண்ணி செம்மண்ணா வருது, கெளையும் தழையுமா விழுது. போலீசு இப்பதான் விசிலே ஊதுதாவ. நான் அதுக்கு முந்தியே அமுக்கிட்டேன். ஈரக் கையாலதாம்ல."

மசூது அண்ணன் டீச்சர்களிடம் திரையைக் காட்டினார். மேலே சிவப்பு, கீழே 7.05 திறப்பு, 10.42 தடை. ஒருவரும் முனகவில்லை. பிரானூர்ப் பக்கம் பரோட்டா சாப்பிடக் கூட்டிப் போனார். எனக்கும் சேர்த்து. போகும்போது அவர் என் பக்கம் திரும்பிச் சொன்னது: "அடியில கெடந்தத தொட்டேன், பாத்தியா. வேணும்னேதான் தொட்டேன்."

சோதித்திருக்கிறார். என்னைவிட நன்றாக.

ஜூலை 6, ஞாயிறு. காலை 11.30.

கூட்டம் இருபது நிமிஷத்தில் முடிந்தது. மசூது அண்ணன் எழுந்து வெள்ளிக்கிழமைக் கதையைச் சொன்னார், டீச்சர்களின் எண்ணிக்கையை மட்டும் பதினைந்தாக்கி. சுந்தரபாண்டி அண்ணாச்சி அவர் போனை வாங்கி, ஒவ்வொரு பழைய மெசேஜாக ஆறு தொட்டார். பின்னால் போகும் பட்டனையும் அமுக்கிப் பார்த்தார். அப்புறம் தன் போனை என்னிடம் நீட்டினார், போடு என்று. நான் போட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டார்: "நீ பெங்களூருக்குப் போயிட்டா, இது கெட்டுச்சுன்னா யாரைலே பிடிக்க?"

நான் அடுத்த போனை வாங்கினேன்.

போன்கள்: 52.

இனிச் செய்ய வேண்டியவை:

1. பெங்களூருக்கு மெயில்: பதினாலாம் தேதி வரவில்லை. ஒரே வரி போதும், இப்போதே அனுப்பு.
2. புலியருவி, சிற்றருவிக்கு ஆள் பிடிக்க வேண்டும். முத்துசெல்வி அக்காவைக் கேட்டால் சொல்வார்.
3. நிறத்தை மட்டும் பார்க்கிறவர்களுக்காக, அருவியின் பேரைச் சிவப்பு பச்சைக்கு நடுவிலேயே எழுதிவிடு.
4. எவராவது 'மறையக் கூடாது', 'நகரக் கூடாது' என்று எது சொன்னாலும், புரோகிராம் எழுதும் முன் ஏன் என்று கேள்.
5. மசூது அண்ணன் போனில் இப்போது 48 மெசேஜ் கிடக்கிறது. துடைக்காதே.